நான்காவது எறும்பு

விடைத்தாளில் இருந்தது ஒரே ஓர் எண். தொண்ணூறு.

அதற்குப் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரே ஒரு சொல். காப்பியா? கேள்விக்குறி மட்டும் கொஞ்சம் பெரிசு.

தாள் மேசைக்கு அந்தப் பக்கம், கேதீஸ்வரனின் விரல்களுக்குக் கீழே கிடந்தது. ஷார்மைன் இந்தப் பக்கம் நின்று அந்தச் சொல்லைத் தலைகீழாகப் படித்தாள். தலைகீழாகப் படித்தாலும் சுட்டது.

"தொண்ணூறு செகண்ட்ஸ். கரெக்ட் ஆன்சர்தான்," என்றார் கேதீஸ்வரன். "எப்படி வந்தது?"

நீர் விநியோகத் துறையில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான், அதிகாரத்திலிருந்து இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அந்தக் கல்வி அறநிதிக்கு அவர்தான் தலைவர். வருடா வருடம் ஒரு கணிதப் போட்டி. ஜெயிக்கிற ஒரே ஒரு மாணவருக்கு இரண்டு வருட பல்கலைக்கழக முன்வகுப்பு இலவசம். காலையில் மண்டபம் நிறையப் பேர் எழுதினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாய்மொழிச் சுற்றுக்கு மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலேறி வந்த ஷார்மைன். இன்னொருவன் பங்சாரிலிருந்து காரில் வந்த சஞ்சீவ். காலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"சொல்லு. எப்படி வந்தது?"

"சார்... அது வந்து... த ஏன்ட்... த ஏன்ட் இஸ்..." உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. வாசலில்தான் யாரோ கதவைச் சாத்தியிருந்தார்கள்.

கேதீஸ்வரன் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எண்ணுக்கு மேலே இருந்த இடம் முழுக்க ரப்பரால் தேய்த்துத் தேய்த்து நைந்து போயிருந்தது. ஓரிடத்தில் காகிதமே கிழிந்திருந்தது.

"ஏதோ தப்பா எழுதியிருக்கே. எல்லாத்தையும் அழிச்சிருக்கே. அப்புறம் பக்கத்து மேசையில இருக்கிற நம்பர் உன் தாள்ல வந்திருக்கு. நான் என்ன நினைக்கிறது?"

அவர் பக்கத்தில் வசுந்தரா உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர். கேள்வித்தாள் தயாரித்தவரும் அவரே. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஷார்மைனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் டைம்," என்றார் கேதீஸ்வரன். "வெளியே போய் யோசிச்சிட்டு வா. வந்து இங்கிலீஷ்ல எக்ஸ்ப்ளெய்ன் பண்ணு. முடியலன்னா பேப்பர் கேன்சல். உன் ஸ்கூலுக்கும் நான் தெரியப்படுத்த வேண்டியிருக்கும்."

அவ்வளவுதான். இடம் போவது ஒரு பக்கம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் திருடி என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி இதுதான். ஒரு மீட்டர் நீளப் பலகை. அதன் மேல் ஐந்து எறும்புகள், ஆளுக்கொரு இடத்தில். சில வலப்பக்கம் பார்த்து நிற்கின்றன, சில இடப்பக்கம். ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். இரண்டு எறும்பு மோதிக்கொண்டால் இரண்டும் அந்த இடத்திலேயே திரும்பி வந்த வழியே நடக்கும். பலகையின் ஓரத்துக்குப் போனது கீழே விழும். கடைசி எறும்பு எப்போது விழும்?

காலையில் இதைப் படித்தபோது ஷார்மைனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஐந்து எறும்பையும் வரைந்தாள். ஆளுக்கொரு பெயர் வைத்தாள். ஒன்றின் கையில் குடை கொடுத்தாள். பாதி தமிழில், பாதி மலாயில், அம்புக்குறியும் கோடுமாக விடை விரிந்து வந்தது. தொண்ணூறு என்று எழுதினாள். அப்புறம், வழக்கம்போல, ரப்பரை எடுத்து எண்ணைத் தவிர எல்லாவற்றையும் அழித்தாள்.

அந்த வழக்கம் ஃபோம் டூவில், பதினாலு வயதில் வந்தது. வகுப்பில் ஒருநாள் வைட்போர்டுக்குக் கூப்பிட்டார்கள். அவள் படம் போட்டு, மூன்று மொழியையும் கலந்து விளக்கினாள். விடை சரி. ஆசிரியர் போர்டைப் பார்த்து, "இது கணக்கா, காமிக்ஸா?" என்றார். வகுப்பு சிரித்தது. சிரித்தது அன்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வருடம் முழுக்க அவள் பெயர் காமிக்ஸ். அதிலிருந்து அவள் யாருக்கும் வழியைக் காட்டியதில்லை. விடையை மட்டும் நீட்டுவாள். கழுவித் துடைத்த தட்டைக் காட்டுகிற மாதிரி.

*

நடைவழியில் வாலண்டைன் காத்திருந்தார். ஷார்மைனின் அப்பா. கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். லோரியில் ஏறிவிட்டால் அவர் குரலுக்குத் துறைமுகமே வழிவிடும். கோட்டு சூட்டு போட்டவர்கள் நடமாடும் இந்த மாதிரி இடங்களில் மட்டும் அந்தக் குரல் எங்கேயோ இறங்கிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, நீளக் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா சொன்னாங்க?"

சொன்னாள்.

அவர் குடையின் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேசாம ஸாரி கேட்டுட்டுப் போயிரலாம்மா. பெரிய மனுசங்க. ஸாரின்னா விட்டுருவாங்க. ஸ்கூலுக்கு எல்லாம் எழுத மாட்டாங்க."

"எதுக்கு டேடி ஸாரி?"

"சும்மா. ஒரு வார்த்தைதானே."

"டேடி."

"சரிம்மா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத." குரலைத் தாழ்த்தினார். "பாத்து எழுதுனியா?"

அந்த ஒரு கேள்வியில் நடைவழி முழுக்கக் காற்று நின்றுபோன மாதிரி இருந்தது.

கேதீஸ்வரன் எழுதிய கேள்விக்குறியைக் கூடத் தாங்கிவிடலாம். அவருக்கு அவளைத் தெரியாது. இவர் வீட்டில், சாப்பாட்டு மேசையில், அவள் இரவு பகலாகக் கணக்குப் போடுவதைப் பார்த்தவர். அவரே கேட்கிறார். ஏன் கேட்கிறார்? அவருக்கும் அவள் காட்டியது வெறும் விடைகளைத்தானே.

அவள் அழவில்லை. அழுகைக்கான இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

ஜன்னலோரம் சஞ்சீவ் தண்ணீர் போத்தலோடு நின்றான். நேராக அவனிடம் போனாள்.

"நான் ஒண்ணும் சொல்லல லா," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "கேதீஸ் அங்கிள்தான் கேட்டாரு, யாரு பக்கத்துல உக்காந்ததுன்னு. நீன்னு சொன்னேன். அவ்ளோதான்."

"உனக்கு எப்படி தொண்ணூறு வந்துச்சு?"

"டியூஷன்ல குடுத்தாங்க. எறும்பு மோதினா மோதலன்னு வச்சுக்கணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போயிருச்சுன்னு வச்சுக்கணும். யாருக்கு தூரம் ஜாஸ்தியோ அதான் ஆன்சர். ஒரு பக்கம் இங்கிலீஷ்ல அழகா எழுதணும். ஃபுல் மார்க்."

"ஏன் அப்படி வச்சுக்கலாம்?"

சஞ்சீவ் அவளை விநோதமாகப் பார்த்தான். "ஏன்னு யாரு கேட்டா?"

ஷார்மைன் நடைவழியைத் திரும்பிப் பார்த்தாள். நீளமான நடைவழி. ஒரு கோடியில் மாடிப்படி. மறு கோடியில் ரோட்டைப் பார்த்த ஜன்னல். அந்தப் பக்கம் மோனோரெயில் உறுமிக்கொண்டு போனது. தரையில் சதுரம் சதுரமாகத் தளக்கல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது.

கதவு திறந்தது. வசுந்தரா எட்டிப் பார்த்தார். "டைம் ஆச்சும்மா. உள்ள வா."

"நான் வரல டீச்சர்."

வாலண்டைன் பதறிப்போய் ஓரடி முன்னால் வந்தார். சஞ்சீவ் போத்தலை வாயிலிருந்து எடுத்தான்.

"நீங்க வெளிய வாங்க," என்றாள் ஷார்மைன். "சாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. எனக்கு அஞ்சு எறும்பு வேணும்."

*

"என்ன விளையாட்டு இது?" கேதீஸ்வரன் சிவப்புப் பேனாவும் கையுமாக வாசலில் நின்றார். "இங்கிலீஷ்ல விளக்கச் சொன்னேன்."

"கேள்வித்தாள்ல எந்த மொழின்னு போடல சார். நான் படிச்சுப் பாத்தேன்."

"அது வந்து..."

"போடலதான்," என்றார் வசுந்தரா. "நான்தானே தயாரிச்சேன். எனக்குப் புரிஞ்சா போதும், கேதீஸ். அவ எந்த மொழியில சொன்னா என்ன?"

"சார், நீங்க ரெண்டாவது எறும்பு," என்றாள் ஷார்மைன். "இந்தக் கல்லுல நில்லுங்க. படிக்கட்டைப் பாத்து."

நாற்பது வருடமாக அவரை யாரும் இங்கே நில், அங்கே நில் என்று சொன்னதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே போய் நின்றுவிட்டார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் முதல் எறும்பாக வாலண்டைன், ஜன்னலைப் பார்த்து. அவருக்கு எதிர்முகமாகக் கேதீஸ்வரன். மூன்றாவது சஞ்சீவ், ஜன்னலைப் பார்த்து. நான்காவது ஷார்மைன், படிக்கட்டைப் பார்த்து. ஜன்னலுக்குக் கிட்டத்தில் ஐந்தாவதாக வசுந்தரா, அவரும் படிக்கட்டைப் பார்த்து. ஒரு தளக்கல் ஐந்து சென்டிமீட்டர் என்று கணக்கு. கேள்வித்தாளில் எறும்புகள் நின்ற அதே இடங்கள்.

"எல்லாரும் கையில ஒண்ணு வச்சுக்கணும்."

வாலண்டைனிடம் குடை. கேதீஸ்வரனிடம் சிவப்புப் பேனா. சஞ்சீவிடம் தண்ணீர் போத்தல். வசுந்தராவிடம் கண்ணாடிக் கூடு. ஷார்மைன் பாவாடைப் பாக்கெட்டில் கைவிட்டாள். அகப்பட்டது ரப்பர். பாதி தேய்ந்து கறுத்துப் போன ரப்பர்.

"யாராவது எதிர்ல வந்து மோதினா கையில இருக்கிறதை மாத்திக்கணும். உங்க சாமான் அவங்களுக்கு, அவங்க சாமான் உங்களுக்கு. அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி நடக்கணும். நான் எண்ணுவேன். எண்ணுக்கு ஒரு கல்லு."

"மாதா, நல்லா வழி நடத்து," என்று வாலண்டைன் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

"டேடி, எறும்பு பேசாது."

வசுந்தரா சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடேயே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நடக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இது தாள்ல இல்லாத கேள்வி. யாரும் யாரையும் பாத்து எழுத முடியாது. தொண்ணூறு செகண்ட்ல கடைசி எறும்பு விழும், சரி. அது எந்த எறும்பு?"

சஞ்சீவின் கை பட்டென்று மேலே போனது. "முதல் எறும்பு டீச்சர். இந்த அங்கிள். அவருக்குத்தான் ஜன்னல் வரைக்கும் தொண்ணூறு சென்டிமீட்டர் இருக்கு."

"ஆமா, அதுதான்," என்றார் கேதீஸ்வரன். "முதல் எறும்பு. வேற என்ன?"

எல்லாரும் ஷார்மைனைப் பார்த்தார்கள்.

கண்முன் ஃபோம் டூ வகுப்பறை எழுந்து நின்றது. சஞ்சீவ் சொல்லிவிட்டான். சீஃப் எஞ்சினியர் ஆமாம் போட்டுவிட்டார். தானும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள். பெருவிரல் தானாக ரப்பரைத் தேடி அழுத்தியது.

"இல்ல சார்," என்றாள். பெருவிரலை ரப்பரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். "இல்ல. தொண்ணூறு சென்டிமீட்டர் போறது குடை. எறும்பு இல்ல. டேடிதான் முதல்ல விழுவாரு. அதுவும் இந்தப் பக்கம் இல்ல, அவரு பின்னாடி இருக்கிற படிக்கட்டுப் பக்கம்."

"ஜன்னலைப் பாத்து நிக்கிறவர் படிக்கட்டுல விழுவாரா?" கேதீஸ்வரன் புருவத்தை உயர்த்தினார். "அப்ப கடைசி யாரு?"

"நான்."

சஞ்சீவ் சிரிப்பை அடக்கப் போத்தலைக் கடித்தான். ஷார்மைன் அவனைப் பார்க்கவில்லை.

"நடங்க," என்றாள். "ஒண்ணு."

*

இரண்டாவது எண்ணுக்கு வாலண்டைனும் கேதீஸ்வரனும் மோதிக்கொண்டார்கள். லோரிக்காரரும் சீஃப் எஞ்சினியரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்தார்கள். குடை கை மாறியது. பேனா கை மாறியது. இருவரும் திரும்பினார்கள். அதே நேரத்தில் நடுவில் சஞ்சீவும் ஷார்மைனும். ரப்பர் அவனிடம் போனது, போத்தல் இவளிடம் வந்தது. "மூணு. நாலு." திரும்பிய ஷார்மைனுக்கு எதிரே வசுந்தரா. போத்தல் போனது, கண்ணாடிக் கூடு வந்தது. மறுபடியும் படிக்கட்டைப் பார்த்து.

"ஆறு."

வாலண்டைன் மாடிப்படி ஓரத்துக்குப் போய் நின்றார். முதல் எறும்பு, முதலில் விழுந்தது. கையில் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

சஞ்சீவின் வாயிலிருந்து போத்தல் எப்போதோ போய்விட்டது. சிரிப்பும் போய்விட்டது. அவன் எதிரே குடையோடு கேதீஸ்வரன் வந்தார். குடை அவன் கைக்கு வந்தது, ரப்பர் அவர் கைக்குப் போனது. திரும்பி இரண்டு எட்டு வைப்பதற்குள் எதிரே ஷார்மைன்.

"குடையைக் குடு," என்றாள்.

கொடுத்தான். கண்ணாடிக் கூட்டை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

ஷார்மைன் குடையோடு ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். இனி அவளுக்கு எதிரே யாரும் இல்லை. "ஒம்பது. பத்து." வசுந்தரா ஜன்னலோரம் போய்ச் சேர்ந்து திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு." கேதீஸ்வரன் படிக்கட்டில் விழுந்தார். "பதினஞ்சு. பதினாறு." குரல் ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "பதினேழு." சஞ்சீவும் விழுந்தான். நடைவழியில் மிச்சம் இருந்தது ஒருத்தி. ஒரு குடை. ஒரு எண்.

"பதினெட்டு."

ஜன்னல்.

"பதினெட்டு கல்லு, அஞ்சு அஞ்சு செகண்டு. தொண்ணூறு," என்றாள் ஷார்மைன். மூச்சு வாங்கியது. "குடையைப் பாத்தீங்களா? டேடி கையில கிளம்பிச்சு. ஒரு தடவைகூட திரும்பல. நேரா இங்க வந்துருச்சு. நாமதான் திரும்பித் திரும்பி நடந்தோம். சாமான் எதுவும் திரும்பல. அதான் மோதலன்னு வச்சுக்கலாம். சும்மா வச்சுக்கறது இல்ல. நெஜமாவே அப்படித்தான்."

"சரி. கடைசி எறும்பு நீதான்னு எப்படி முன்னாடியே தெரிஞ்சது?" என்றார் வசுந்தரா. அவர் குரலில் இப்போது பரீட்சை இல்லை. ஆசை இருந்தது.

"யாரும் யாரையும் தாண்டிப் போக முடியாதுல்ல டீச்சர். மோதினா திரும்பணும். அதனால வரிசை மாறவே மாறாது. படிக்கட்டைப் பாத்துக் கிளம்புன சாமான் மூணு. அப்ப படிக்கட்டுல விழறது மூணு பேரு. வரிசையில முதல் மூணு பேரு. மீதி ரெண்டு பேரு இந்தப் பக்கம். நீங்களும் நானும். நீங்க ஜன்னலுக்குக் கிட்ட இருக்கீங்க, அதனால நீங்க முதல்ல. நான் கடைசி."

வசுந்தரா நடைவழியின் மறுகோடியில் நின்ற கேதீஸ்வரனைப் பார்த்து, மெதுவாக, இரண்டு கையையும் விரித்தார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி.

கேதீஸ்வரன் தன் கையைப் பார்த்தார். அதில் ரப்பர் இருந்தது. கறுத்துப் போன ரப்பர்.

"எனக்கு முதல் எறும்புன்னுதான் பட்டுச்சு அங்கிள்," என்றான் சஞ்சீவ், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எனக்கும்தான்," என்றார் அவர், சத்தமாக.

*

மறுபடியும் அறைக்குள். மேசை மேல் அதே விடைத்தாள். கேதீஸ்வரன் அதைத் தன் பக்கம் இழுத்தார். ரப்பரை எடுத்து அந்தச் சிவப்புச் சொல்லின் மேல் வைத்துத் தேய்த்தார். மை இழுபட்டு இளஞ்சிவப்பாகப் பரவியதே தவிரப் போகவில்லை.

"புதுத் தாள் ஒண்ணு தரேன் பிள்ளை," என்றார். "அதில சுத்தமா எழுதிக் குடு. இதை நாங்க தூக்கிப் போட்டுடறோம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"தூக்கிப் போட வேணாம். எழுதினீங்க. இருக்கட்டும். எல்லாரும் பாக்குற மாதிரி அடிச்சு விடுங்க. பக்கத்துல உங்க கையெழுத்துப் போடுங்க."

கீழே ரோட்டில் யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்து இருமியது. கேதீஸ்வரன் மேசை மேல் தேடினார். "பேனா எங்க?"

"இங்க இருக்கு சார்."

வாசலில் நின்ற வாலண்டைன் உள்ளே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார். சிவப்புப் பேனாவை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"இதாலதானே எழுதுனீங்க," என்றார். துறைமுகத்தையே வழிவிட வைக்கும் அந்தக் குரல், அந்தக் குளிர்சாதன அறையில் முதல் தடவையாக ஒலித்தது. "இதாலயே அடிங்க சார். என் மக பாத்து எழுதல."

ஷார்மைன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

கேதீஸ்வரன் அடித்தார். ஒரே கோடு. பக்கத்தில் கையெழுத்து. அப்புறம் மதிப்பெண் கட்டத்தில் முழு மதிப்பெண்ணைப் போட்டு, அதற்குக் கீழே வாய்மொழி என்றிருந்த காலிக் கட்டத்தை வசுந்தரா பக்கம் நகர்த்தினார். வசுந்தரா யோசிக்கவே இல்லை. அதிலும் முழுசாகப் போட்டார்.

"ரெண்டு வருஷ சீட்டு உனக்குத்தான்," என்றார் வசுந்தரா. "திங்கட்கிழமை ஃபோன் வரும். எடு."

"எடுப்பேன் டீச்சர்."

"இன்னும் ஒண்ணு. ஃபைலுக்கு வொர்க்கிங் வேணும். வழியை எழுதிக் குடுத்துட்டுப் போ." பென்சில் ஒன்றை நீட்டினார்.

ஷார்மைன் பென்சிலை வாங்கவில்லை. மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். கிழிந்துபோன காகிதத்துக்குக் கீழே ஒரு நீளக் கோடு போட்டாள். அதன் மேல் ஐந்து எறும்பு வரைந்தாள். முதல் எறும்பின் கையில் குடை. இரண்டாவதற்குப் பேனாவும் வழுக்கையும். நாலாவதற்குப் பாவாடை.

கேதீஸ்வரன் குனிந்து பார்த்தார். "இந்த வழுக்கை அவசியமா?"

"அவசியம் சார். இல்லன்னா எந்த எறும்புன்னு தெரியாது."

தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி, அம்புக்குறி, அப்புறம் இங்கிலீஷில் அரை வரி. ஓரிடத்தில் எழுத்துப் பிழை. அதை அடித்துவிட்டு மேலே சரியாக எழுதினாள். அடித்தது அடித்தபடியே இருந்தது. ரப்பர் மேசையின் அந்தக் கோடியில், கேதீஸ்வரனின் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.